வன்னியில் ஓரிரவுச் சாரணர் பாசறை: எங்கே, எப்போது, எப்படி?

கேள்வி – கண்டாவளை ஆசிரியர்

அனைவருக்கும் வணக்கம். கிளிநொச்சி மாவட்டத்தின் கிராமப் பாடசாலை ஒன்றில் கற்பிக்கிறேன். எங்கள் சாரணர் குழுவின் பொறுப்பு இவ்வாண்டுத் தொடக்கத்தில் என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. தரம் 6 முதல் 9 வரையான பிள்ளைகளே குழுவில் பெரும்பான்மையினர். இல்ல விளையாட்டுப் போட்டியில் அணிவகுப்பதும், பரிசளிப்பு விழாவில் வாசலில் நின்று விருந்தினரை வரவேற்பதும், கோயில் திருவிழாவில் செருப்புக் காப்பதும்தான் அவர்கள் இதுவரை கண்ட சாரணியம். முடிச்சுகள் எல்லாம் மனப்பாடம். ஆனால் அந்த முடிச்சுகளால் ஒரு கூடாரமேனும் எழுந்து நின்றதில்லை.

ஓரிரவுப் பாசறை ஒன்றை நடத்தலாம் என்று பெற்றோர் கூட்டத்தில் கூறினேன். மிதிவெடி, யானை, குளம் என்று மூன்று காரணங்களைச் சொல்லி மறுத்துவிட்டார்கள். அந்த அச்சத்தைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. அதிபரோ, பாசறை எதற்கு, சமூக சேவை ஒன்றைச் செய்து படமெடுத்து அனுப்பினால் வலயக் கல்வி அலுவலகத்துக்குப் போதுமே என்கிறார். வன்னி மண்ணில் பிள்ளைகளை இரவில் வெளியே தங்கவைக்கலாமா, தங்கவைப்பதாயின் இடத்தையும் காலத்தையும் எவ்வாறு தெரிவு செய்வது, பெயரளவில் முடிந்துவிடாத சேவை எது என்பவற்றை அனுபவமுள்ளவர்கள் எழுதினால் நன்றியுடையவனாவேன்.

மறுமொழி – முள்ளியவளை, ஓய்வுபெற்ற சாரண ஆசிரியர்

ஆசிரியருக்கு வணக்கம். அதிபரின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். ஏனெனில் பாசறையையும் சேவையையும் இரண்டு வேறு காரியங்களாகப் பிரித்துப் பார்த்ததனால்தான் நமது பாடசாலைகள் பலவற்றில் சாரணர் குழு வரவேற்புக் குழுவாகச் சுருங்கிப் போயிற்று என்பது என் கருத்து. 2018 டிசம்பர் வெள்ளத்தின்போது கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் சனங்கள் பாடசாலைகளிலும் பொதுமண்டபங்களிலும் தங்கியிருந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். அப்படிப்பட்ட இடத்தில் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றிப் பங்கிடவும், பெரிய கிடாரத்தில் கஞ்சி காய்ச்சவும், மழையில் நனையாமல் ஒரு தறப்பாளைச் சரிவாக இழுத்துக் கட்டவும் தெரிந்த பதினான்கு வயதுப் பிள்ளை ஒருவன் பெரிய உதவி. அவற்றை அவன் கற்றுக்கொள்ளும் இடம் பாசறையே அன்றி வகுப்பறை அன்று.

சாரணியத்தைத் தோற்றுவித்த பேடன் பவல் 1907 இல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் நடத்திய முதற் பாசறையிலேயே சிறுவர்களை நான்கு அணிகளாகப் பிரித்து, ஒவ்வோர் அணிக்கும் ஒரு சிறுவனைத் தலைவனாக்கினார். 1912 இல் மாத்தளையில் தொடங்கி இலங்கையில் சாரணியம் வேரூன்றிய பின்னரும் அந்த அணிமுறையே அதன் முதுகெலும்பாக இருந்து வருகிறது. ஆகவே முதலில் ஆறு முதல் எட்டுப் பேர் கொண்ட அணிகளை அமையுங்கள். சமையல், தண்ணீர், முதலுதவிப் பெட்டி, ஆட்கணக்கு எல்லாவற்றையும் அணித்தலைவர்களிடம் விட்டுவிட்டு நீங்கள் கைகட்டி நில்லுங்கள். கைகட்டி நிற்பதுதான் ஆசிரியருக்கு மிகக் கடினமான பயிற்சி. சோறு குழைந்து போனால் குழைந்த சோற்றையே அனைவரும் சாப்பிடட்டும்.

காலத்தைப் பொறுத்தவரை, மார்கழி விடுமுறையில் மழையும் வெள்ளமும். ஆவணி விடுமுறையில் சோளகக் காற்றும் காய்ந்த புல்லும். மழை விட்டு, நிலம் இறுகி, வெயில் ஏறாத மாசி மாதமே பொருத்தமானது. நடைபயணத்துக்கு வேற்றுநாட்டு வழிகாட்டி நூல்களைப் புரட்ட வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதி முருகன் கோயிலிலிருந்து முல்லைத்தீவு வழியாகக் கதிர்காமத்துக்கு நடந்து போகும் பாதயாத்திரிகர்களைப் பாருங்கள். இருளிலேயே எழுந்து நடக்கிறார்கள், வெயில் ஏறியதும் கோயில் மடத்திலோ மரநிழலிலோ கிடக்கிறார்கள், வெயில் தாழ்ந்ததும் மறுபடி நடக்கிறார்கள்; தோளிலுள்ள மூட்டையில் வேண்டாத பொருள் ஒன்றும் இராது. அவர்கள் நமது பகுதியைக் கடக்கும் நாட்களில் தண்ணீர்ப் பந்தல் ஒன்றை வைத்து, மூத்த சாமிமார்களிடம் பிள்ளைகளைப் பேசவிட்டால், நடையைப் பற்றி அவர்கள் கற்பது எந்தப் பாடநூலிலும் இல்லாதது.

மறுமொழி – பளை, மிதிவெடி அகற்றும் பணியிலுள்ள அக்கா

எங்கள் பகுதியில் இந்த வேலையைச் செய்பவர்களில் என்னைப் போன்ற பெண்கள் பலர். குடும்பத்தைத் தனியாகச் சுமப்பவர்களும் அவர்களில் உள்ளனர். முகமாலைப் பக்கத்தில் முழங்காலிட்டு அமர்ந்து, கைவாரியால் மண்ணை மெல்ல மெல்ல இழுத்து, ஒரு நாளில் சில சதுர மீற்றர் நிலத்தையே விடுவிக்க முடிகின்ற இடங்களும் உண்டு. அந்த அனுபவத்தில் எழுதுகிறேன், ஆசிரியர் கோபிக்கக் கூடாது: கண்ணுக்கு அழகாகத் தெரியும் இடத்தைப் பாசறைக்குத் தெரிவு செய்யாதீர்கள். பற்றை மண்டிக் கிடக்கும் பழைய காணி, இடிந்த பங்கர், மண்ணணையின் ஓரம், ஆட்கள் நடமாடாத பழைய தென்னந்தோட்டம் ஆகியவற்றை முற்றாகத் தவிருங்கள். சிவப்பு அறிவிப்புப் பலகை இல்லை என்பதற்காக அந்த நிலம் துப்புரவாக்கப்பட்டது என்று கொள்ள முடியாது. பலகையை வெள்ளம் அடித்துச் சென்றிருக்கலாம், விறகுக்காக யாரேனும் பிடுங்கியும் இருக்கலாம். கிராம அலுவலர், பிரதேச செயலகம் ஆகியோர் ஊடாக அந்தக் காணி விடுவிக்கப்பட்டதா என்பதை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். நாள்தோறும் பிள்ளைகள் ஓடி விளையாடும் பாடசாலை மைதானத்துக்கு ஈடான இடம் வேறில்லை. உங்கள் பாடசாலைப் பிள்ளைகள் பக்கத்து ஊர்ப் பாடசாலை மைதானத்தில் தங்கினாலே அவர்களுக்கு அது புது உலகம்தான்.

பலர் கவனிக்காத ஒன்று உண்டு. கூடார முளை அறைவது, மலசலத்துக்குக் குழி வெட்டுவது, தீமூட்டக் குழி தோண்டுவது ஆகிய மூன்றும் மண்ணைக் கிளறும் வேலைகள். குப்பைக்குத் தீ வைத்தபோது அடியில் புதைந்திருந்த வெடிபொருள் வெடித்த சம்பவங்கள் வன்னியில் நடந்திருக்கின்றன. ஆகவே கூடாரக் கயிறுகளை மண்மூட்டைகளிலோ மரத்திலோ கட்டுங்கள். கழிப்பறை உள்ள இடத்திலேயே தங்குங்கள். தீயை நிலத்தில் மூட்டாமல் மேடை அடுப்பு ஒன்றை அமைத்து அதன் மேல் மூட்டுங்கள். சாரணர்கள் தடிகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, மேலே களிமண் மெழுகி, ஈர மணல் பரப்பி, இடுப்பளவு உயரத்தில் அடுப்பு அமைப்பதை நான் பார்த்திருக்கிறேன். பிள்ளைகளின் முடிச்சுக்கு அதைவிடச் சிறந்த சோதனை இராது, சமைப்பவருக்கும் குனிய வேண்டிய தேவையில்லை.

பிள்ளைகள் எதையாவது கண்டால் தொடாமல், எறியாமல், வந்த அடிச்சுவட்டிலேயே திரும்பி, பெரியவரிடம் சொல்ல வேண்டும். போர்க்காலத்தில் மரப்பெட்டியில் செய்யப்பட்ட ஜொனி மிதிவெடியின் பெட்டி உக்கிப் போயிருந்தாலும் உள்ளே இருப்பதை உக்கியதாக நினைக்கக் கூடாது. பழைய இரும்புக்கு நல்ல விலை கிடைக்கிறது என்பது பிள்ளைகளுக்கும் தெரியும். இந்த அறிவுரையை மற்றவர்களுக்கு ஓர் ஓரங்க நாடகமாக நடித்துக் காட்டுவதை உங்கள் குழுவின் சேவைகளில் ஒன்றாகவே வைத்துக்கொள்ளலாம்.

மறுமொழி – வவுனியா, திரிசாரணர் (மூத்த வயதுச் சாரணர்)

முள்ளியவளை ஐயாவின் கருத்துகளில் பெரும்பாலானவற்றை ஏற்கிறேன். ஆனால் சேவை என்றதும் திருவிழா என்று ஓடும் வழக்கத்தைச் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். வற்றாப்பளை அம்மன் கோயிலின் வைகாசிப் பொங்கலுக்கோ ஓகஸ்ட் 15 மடு மாதா திருவிழாவுக்கோ பெருந்திரளாகச் சனம் வருகிறது. அங்கே பன்னிரண்டு வயதுப் பிள்ளையைக் கயிற்றைப் பிடித்துச் சனத்தை மறிக்க விடுவதோ, வீதியில் வாகனங்களுக்குக் கைகாட்ட விடுவதோ சேவை அன்று. வளர்ந்தவர்களின் வேலையைக் கூலியின்றிப் பிள்ளைகளின் தலையில் கட்டுவது. அதே திருவிழாவில் காணாமற்போன குழந்தைகளுக்கான கூடம் ஒன்றைச் சாரணர்கள் நடத்தினால் அது அவர்களுக்கே உரிய வேலை. அழுதுகொண்டிருக்கும் நான்கு வயதுக் குழந்தை சீருடை அணிந்த பெரியவரைக் கண்டால் இன்னும் அழும்; கழுத்துப்பட்டி அணிந்த ஓர் அண்ணாவிடம் பெயரைச் சொல்லிவிடும். பெயர், உடுப்பின் நிறம், கண்டெடுத்த இடம், நேரம் ஆகியவற்றைப் பதியும் ஒரு கொப்பியும், ஒலிபெருக்கி அறையுடன் முன்கூட்டியே பேசிவைத்த ஒழுங்கும், குழந்தையை ஒப்படைக்கும்போது உடனிருக்க ஒரு பெரியவரும் இருந்தால் போதும்.

மரநடுகையைப் பற்றியும் ஒரு சொல். பனை விதை நடுவது இப்போது எல்லோருக்கும் பிடித்த நிகழ்ச்சி. பனம்பழம் விழுந்து முடியும் புரட்டாதியில், மாரிமழைக்கு முன்பாக விதையை ஊன்றினால் தண்ணீர் ஊற்ற வேண்டிய தேவையும் அதிகம் இராது. ஆனால் குளக்கட்டின் மேல் நட வேண்டாம், வேர்கள் கட்டைப் பழுதாக்கும். எங்கே நடலாம் என்று நீர்ப்பாசனத் திணைக்களத்திடமும் கமக்கார அமைப்பிடமும் கேட்டுச் செய்யுங்கள். மிதிவெடி அக்கா சொன்னது குழி தோண்டும் இந்த வேலைக்கும் பொருந்தும். (சில மாதங்களில் கிழங்குக்காக அந்த விதைகளைக் கிண்டி எடுக்க வருபவர்களை எப்படித் தடுப்பது என்பதற்கு என்னிடம் மறுமொழி இல்லை, சில வேளைகளில் நட்டவர்களே வருகிறார்கள்.)

பிள்ளைகள் ஊரில் சிறு வேலைகள் செய்து காசு சேர்க்கும் சாரணர் வேலை வாரத்தைப் பாசறைச் செலவுக்கான பிச்சை வாரமாக்கிவிடாதீர்கள். கடைக்காரர் வேலை தராமலேயே நூறு ரூபாவை நீட்டி அட்டையில் கையொப்பமிட்டுவிட்டால், பிள்ளை கற்றுக்கொண்டது கை நீட்டுவதை மட்டுமே. அலுமாரி துடைத்தல், சாக்கு அடுக்குதல், வளவு கூட்டுதல் என ஏதேனும் ஒரு வேலையைச் செய்த பின்னரே காசை வாங்க வேண்டும் என்று அணித்தலைவர்களிடம் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள்.

மறுமொழி – ஒட்டுசுட்டான், ஒரு தாய்

என் மகனும் சாரணன். பெற்றோர் மறுப்பதைப் பற்றி ஆசிரியர் எழுதியதால் பெற்றோரின் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். மாசி மாதம் நல்லது என்று ஐயா சொல்கிறார். எங்கள் பக்கத்தில் காலபோக நெல் முற்றி நிற்பதும், யானை வயலுக்கு இறங்குவதும், காவல் குடிலில் ஆண்கள் வெடி கொளுத்திக்கொண்டு விழித்திருப்பதும் அந்தக் காலத்தில்தான். அறுவடை முடிந்த பங்குனியே எங்களுக்கு ஓரளவு மனநிம்மதியான மாதம். யாத்திரிகரைப் போல இருளில் நடப்பதும் கதிர்காமம் போகும் பெரியவர்களுக்குச் சரி. மாங்குளம்–ஒட்டுசுட்டான் வீதியில் நிலம் நன்றாக வெளித்த பின்பு நடக்கத் தொடங்கி, பொழுதுபடுமுன் திரும்பிவிட வேண்டும். கூடாரத்துக்குள் பழமோ மரவள்ளிக் கிழங்கோ உப்போ வைத்திருக்கவும் கூடாது, யானைக்கு மூக்கு நீளம் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

குளத்தைப் பொறுத்தவரை என் நிபந்தனை எளியது: குளிப்பே இல்லை. முத்தையன்கட்டிலானாலும் வவுனிக்குளத்திலானாலும் முதலை உண்டு. அதைவிட, மணல் அள்ளிய குழிகள் தண்ணீருக்குள் தெரிவதில்லை. கிணற்றடியில் வாளியால் அள்ளிக் குளிக்கட்டும்.

பாம்பு தீண்டினால் என்ன செய்வீர்கள் என்று மகனின் ஆசிரியரிடம் கேட்டேன். அவர் தயங்காமல், பிள்ளையை அசையவிடாமல் கிடத்துவோம், மோதிரம், காப்பு, சப்பாத்தைக் கழற்றுவோம், வெட்டவோ உறிஞ்சவோ கயிற்றால் இறுக்கவோ மாட்டோம், விஷகடிப் பரியாரியிடம் அலைந்து நேரத்தைக் கடத்தாமல் 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைத்து வைத்தியசாலைக்குக் கொண்டுபோவோம், வாகனம் ஒன்றும் இரவு முழுவதும் பாசறையில் நிற்கும் என்றார். அனுமதிக் கடிதத்தில் அன்றைக்கே கையொப்பமிட்டேன். ஆசிரியரே, பெற்றோர் கூட்டத்தில் பாசறையின் பயன்களைப் பற்றிப் பேசாதீர்கள். எங்கே படுப்பார்கள், எந்தத் தண்ணீரைக் குடிப்பார்கள், இரவில் யார் விழித்திருப்பார்கள், எந்த வைத்தியசாலை எவ்வளவு தூரம் என்று ஒரு தாளில் அச்சிட்டுக் கொடுங்கள். அச்சப்படும் தாய்மாருக்கு அந்தத் தாள் போதும். விரும்பினால் இரண்டு தாய்மாரும் வந்து தங்கலாம் என்றும் எழுதுங்கள். நாங்கள் வரமாட்டோம், ஆனால் எழுதியிருக்க வேண்டும்.

கேள்வி கேட்டவர் – கண்டாவளை ஆசிரியர்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. பங்குனி இறுதியில், அயலிலுள்ள பாடசாலை மைதானத்தில் ஓரிரவு என்று திட்டமிடுகிறேன். நிலம் பற்றிய கடிதத்தைக் கிராம அலுவலரிடம் நாளை கையளிப்பேன். அம்மா சொன்னபடி பெற்றோருக்கான தாளையும் தயாரிக்கிறேன். ஒரு சந்தேகம் மட்டும் மீதமுள்ளது: மேடை அடுப்புக்கும் கூடாரத்துக்கும் வேண்டிய தடிகளை எங்கே எடுப்பது? காட்டில் வெட்டினால் வனவளத் திணைக்களத்துக்குப் பதில் சொல்ல வேண்டி வருமே.

மறுமொழி – முள்ளியவளை, ஓய்வுபெற்ற சாரண ஆசிரியர்

ஒட்டுசுட்டான் அம்மா சொன்னதே சரி, பங்குனியில் வையுங்கள். தடிக்குக் காட்டுப் பக்கமே போக வேண்டாம். வேலி அடைக்கும் வீடுகளில் கிளிசீரியா, பூவரசு கதியால்களைக் கேட்டால் தருவார்கள். பதிலுக்குப் பிள்ளைகள் அந்த வேலியின் ஒரு பக்கத்தை அடைத்துக் கொடுக்கட்டும், வேலை வாரக் கணக்கிலும் அது சேரும். அடுப்பின் கால்களுக்கு மணிக்கட்டுப் பருமனுக்குக் குறையாத தடியைத் தெரிவு செய்யுங்கள். பச்சைத் தடி காயக் காயச் சுருங்கிக் கட்டு நெகிழும். ஆகையால் இரண்டு கிழமைக்கு முன்பே வெட்டி நிழலில் காயவிடுங்கள். அடுப்பு மூட்டுமுன் ஒவ்வொரு கயிற்றுக் கட்டையும் அணித்தலைவர் கையால் அசைத்துப் பார்த்து, தளர்ந்திருந்தால் ஆப்பு வைத்து இறுக்க வேண்டும். கொதிக்கும் கிடாரம் மேலே ஏறுவதற்கு முன், அதே பாரமுள்ள தண்ணீர் வாளியை வைத்துக் கால் மணி நேரம் பாருங்கள்.