எதிர்கால அரசியல் த்ரில்லர்: முன்வாசகர்கள் தேவை, கூடவே சில யோசனைகளும்

வணக்கம் நண்பர்களே. 2041 சென்னை. ரேஷன் கடையில் முகம் பொருந்தாவிட்டால் அரிசி கிடையாது, பஸ்ஸிலும் ஏற முடியாது. யாருக்கு அனுமதி என்ற முகப் பட்டியலை உள்ளிருந்தே திருத்தும் நாலைந்து கடைநிலை ஊழியர்களின் கதை. அடுத்த மாதம் கிண்டிலில் ஏற்றுகிறோம்.

முதலில் 15 முன்வாசகர்கள் (வெளியாகும் முன்பே படிப்பவர்கள்) வேண்டும். கேடிபி செலக்டில் (மின்நூலை அமேசானில் மட்டும் வைக்கும் திட்டம்) சேர்த்துவிட்டால் 90 நாளுக்கு மின்வடிவம் வேறெங்கும் இருக்கக் கூடாது. அதனால் மின்நூல் கோப்பை இப்போதே அனுப்புகிறோம். தயவுசெய்து டெலிகிராம், வாட்ஸப் பக்கம் விட்டுவிடாதீர்கள். விமர்சனம் எழுதுவது உங்கள் விருப்பம், திட்டியும் எழுதலாம். வீட்டு ஆட்களை எழுதவைத்தால் அமேசான் தூக்கிவிடும்.

அடுத்தது இலவச நாட்கள், அதாவது புத்தகத்தை இலவசமாகக் கொடுக்கக்கூடிய நாட்கள். அந்த 90 நாளில் 5 தான். வெளியான வாரமே ஐந்தையும் கொட்டினால், ஒரு விமர்சனம்கூட இல்லாத பக்கத்தைப் பார்த்துவிட்டுப் பாதிப் பேர் போய்விடுவார்கள். இலவசத் தரவரிசை வேறு, விற்பனைத் தரவரிசை வேறு. இலவசத்தில் முதலிடம் வந்தாலும் மறுநாள் விற்பனைப் பட்டியலில் அது ஒட்டாது. 2 நாளை மூன்றாம் வாரத்துக்கும், மீதியைச் சென்னைப் புத்தகக் காட்சி சமயத்துக்கும் வைக்க நினைக்கிறோம். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

புத்தகத்தை ஏற்றும்போது தேடுசொல்லுக்கு 7 கட்டங்கள். ‘டிஸ்டோபியா’ (இருண்ட எதிர்காலக் கதை) என்று யாரும் தேடப்போவதில்லை. இந்த மாதிரிக் கதை வேண்டுமென்றால் நீங்கள் என்ன தட்டுவீர்கள், தமிழிலா, ஆங்கில எழுத்திலா?

அட்டை மாதிரிகள் இரண்டும் கமெண்டில். போனில், தபால்தலை அளவில் பார்த்து, தலைப்பு படிக்க முடிகிறதா என்று மட்டும் சொல்லுங்கள்.