பென்ஸ்டாக்: தூம்பா, அழுத்தக்குழாயா?

அல்சூரிலிருந்து:
பெங்களூருக் கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம். மலைக்கிராமம் ஒன்றில் சிறு நீர்மின் நிலையத்தை இயக்கப்போகும் இளைஞர்களுக்கான கையேட்டைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஓடையை வாய்க்காலில் திருப்பி, தொட்டியில் வண்டலைப் படியவிட்டு, அங்கிருந்து இரும்புக்குழாயில், நீர்விசையால் சுழலும் டர்பைனுக்கு இறக்குகிறார்கள். அந்தக் குழாய்தான் பென்ஸ்டாக். என்ன எழுதலாம்?

ஜெயநகரிலிருந்து:
தூம்பு. ஏரி நீர் வெளியேறும் வழிக்கு அதுதானே பெயர்? கன்னடத்தில் தூபு, தெலுங்கில் தூமு. மணிமேகலையில் சுருங்கைத் தூம்பு, அதாவது நிலத்தடி நீர்வழி, வருகிறது. மலைபடுகடாம் யானை மூச்சுப்போல ஒலிக்கும் இசைக்கருவியைத் தூம்பு என்கிறது. தும்பிக்கைக்கும் இதுவே வேர் என்பது என் துணிபு: துளையுள்ள கை. சரிவில் இறங்கும் குழாயைப் பாருங்கள், தும்பிக்கையேதான்.

கே.ஆர்.புரத்திலிருந்து:
ஐயா, ஏரித் தூம்பில் கையைவிட்டு அடைப்பெடுத்து வளர்ந்த பையன் இதையும் அப்படித்தானே நினைப்பான்? 10 மீட்டர் இறக்கத்துக்குச் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1 கிலோ அழுத்தம் கூடும். 60 மீட்டர் என்றால் 6 கிலோ. வால்வைச் சட்டென்று மூடினால், ஓடிவந்த நீர் மோதி அழுத்தம் இன்னும் எகிறும். குழாயே வெடிக்கலாம். அழுத்தக்குழாய் என்று போடுங்கள். பெயரைக் கேட்டதும் கை தயங்க வேண்டும்.

ஒயிட்ஃபீல்டிலிருந்து:
நான் கோலார் தங்கவயல்காரி. 1902-இல் காவிரியின் சிவசமுத்திர அருவியில் எடுத்த மின்சாரம் முதலில் எங்கள் சுரங்கங்களுக்குத்தான் வந்தது; பெங்களூரு 1905 வரை காத்திருந்தது. எங்கள் தாத்தா சுரங்கக் கருவிகளுக்கெல்லாம் ஆங்கிலப் பெயரைத்தான் சொல்வார், வேலையில் குழம்பியதில்லை. பழுதானால் பொறியாளர் போனில் பென்ஸ்டாக் என்றுதான் கேட்பார். அதுவே இருக்கட்டும்.

ஜெயநகரிலிருந்து:
அம்மா, அப்படிப் பார்த்தால் வால்வு, டர்பைன், பென்ஸ்டாக் போக வினைச்சொல் மட்டும்தான் தமிழில் மிஞ்சும். அழுத்தக்குழாய் விளக்கம்தானே ஒழிய பெயரில்லை. மாடித் தொட்டிக் குழாயிலும்தான் அழுத்தம் இருக்கிறது. அழுத்தத்தூம்பு என்றாவது வையுங்கள்.

அல்சூரிலிருந்து:
கிராமத்துக்குப் போன் செய்து கேட்டேன். “பெரிய பைப்புங்க” என்றார்கள். தூம்பு என்றதும், “ஏரியிலயா?” என்று கேட்டார்கள். அதனால் அழுத்தக்குழாய் என்றே போகிறேன். முதலில் வரும் இடத்தில் மட்டும் பென்ஸ்டாக்கும் இருக்கும். ஏழு பேர் சரி என்றிருக்கிறீர்கள்.

ஜெயநகரிலிருந்து:
அச்சாகட்டும். ஆனால் என் மறுப்பைக் குறித்துவையுங்கள். அடுத்த பதிப்பில் மறுபடி தூம்பு கேட்பேன்.