டூப்ளிகேட் பிரிக் ரயில் செட் வாங்கலாமா? நாளைக்குள்ள சொல்லுங்க, மச்சான் ரயில் ஏறிடுவான்

கீழக்கரையான் | வியாழன், காலை 10.12

எல்லாருக்கும் சலாம், வணக்கம். மச்சான் சென்னையில நிக்கிறான். நாளைக்குச் சாயங்காலம் சேது எக்ஸ்பிரஸ்ல ஏறுறான். மகன் லெகோ ரயில் (பிளாஸ்டிக் கட்டையைக் கோத்துக் கட்டுறது) கேட்டு ரெண்டு மாசமா உயிரை எடுக்கிறான். ஒரிஜினல் விலையைக் கேட்டா தலை சுத்துது. அதே படம், அதே கலர், டூப்பு நாலுல ஒரு பங்குக்குக் கிடைக்குதாம். வாங்கலாமா வேண்டாமா? வீட்டுல கிடக்கிறதோட சேருமா? சீக்கிரம் சொல்லுங்கப்பா.

உச்சிப்புளி_சிக்னல் | 10.20

வீட்டுல கிடக்கிறதுன்னா எது பாய்? மோட்டார் உள்ளதா, கையால தள்ளுறதா? பையன் வயசு என்ன? மச்சான் பார்த்த டூப்பு பெட்டியில பேர் என்ன போட்டிருக்கு? ஒண்ணுமே சொல்லாம சேருமான்னா எதோட எது சேரும்?

ஒன்பதுவோல்ட் | 10.41

இந்தக் கேள்வி இங்க வாரம் ஒரு தடவை வருது. பழைய இழையை யாரும் படிக்கிறதில்ல. சரி, மறுபடி சொல்றேன். லெகோ ரயில் 1966-ல வந்தது. 1991-ல 9 வோல்ட் வந்தது, தண்டவாளத்துலயே மின்சாரம் ஓடும். ரயில்னா அதுதான். அதை நிறுத்தினதுக்கு அப்புறம் வந்ததெல்லாம் பேட்டரி சுமக்கிற வண்டி. 2018-லேர்ந்து ப்ளூடூத். இதுல உன்கிட்ட இருக்கிறது எந்தத் தலைமுறைன்னு தெரியாம ஒருத்தரும் பதில் சொல்ல முடியாது தம்பி. டூப்பு வாங்குறது உன் இஷ்டம். நான் தொடமாட்டேன்.

மண்டபம்_மெக்கானிக் | 11.05

ஒரிஜினலோ டூப்போ, நம்ம பக்கம் உப்புக்காத்துதான் முதல் எதிரி. அக்கா மகன் ரயில் ஒன்னு ஓடாம நின்னுபோச்சுன்னு கொண்டுவந்தான். பேட்டரி டப்பாவைத் திறந்தா ஸ்பிரிங் பூரா பச்சைப் பாசி மாதிரி பூத்துக் கிடக்கு. உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, துளி வாசலின் தடவிக் கொடுத்தேன். இன்னிக்கு வரைக்கும் ஓடுது. நீங்க புதுசு வாங்குறதுக்கு முன்னாடி பழசைத் திறந்து பாருங்க.

உச்சிப்புளி_சிக்னல் | 11.09

அண்ணே, அவர் ரயில் நின்னுபோச்சுன்னே சொல்லலையே.

மண்டபம்_மெக்கானிக் | 11.11

சொல்லலைன்னா நிக்கலைன்னு அர்த்தமா?

கீழக்கரையான் | மதியம் 1.30

மன்னிக்கணும், கடையில கூட்டம். காக்கா (அண்ணன்) துபாய்லேர்ந்து கொண்டுவந்த ஒரிஜினல் ஒண்ணு இருக்கு. ரிமோட் உண்டு, எஞ்சின் நல்லா ஓடுது. ட்ராக்குலதான் வளைவு கொஞ்சம் தொலைஞ்சுபோச்சு. எண்ணிப் பார்த்தேன், 11 இருக்கு. ரயில் பெட்டி ஒண்ணு உடைஞ்சிருக்கு. மகனுக்கு 7 வயசு. இளையவளுக்கு ரெண்டு முடியப்போகுது, அவளுக்கு ரயில் எல்லாம் வேண்டாம், பெட்டிக்குள்ள இருக்கிறதை அள்ளி வாயில போடுறதோட சரி.

உச்சிப்புளி_சிக்னல் | 1.44

இதைக் காலையிலேயே சொல்லியிருந்தா அரை நாள் மிச்சம். பாய், உங்களுக்குப் புது செட்டே தேவையில்ல! வட்டம் முடிய மொத்தம் 16 வளைவு வேணும். ஒண்ணு 22.5 டிகிரி, 16 சேர்ந்தா 360. உங்ககிட்ட 11 இருக்கு, இன்னும் 5. அதோட ரெண்டு பெட்டி. மோட்டார், ஹப் (ரிமோட் சொல்றதைக் கேட்டு மோட்டாரை ஓட்டுற பேட்டரி டப்பா), ரிமோட் எல்லாம் இருக்கிறப்போ மறுபடி அதுக்கு ஏன் காசு?

டூப்பு ட்ராக் பெரும்பாலும் சேரும். கட்டை மேல இருக்கிற குமிழுக்குக் குமிழ் இடைவெளி 8 மில்லிமீட்டர், ரெண்டு தண்டவாளத்துக்கு நடுவுல ஏறக்குறைய 37.5. காப்பி அடிக்கிறவன் அதைத்தான் முதல்ல அளந்து அடிப்பான். சக்கரத்துலதான் கோட்டை விடுவான். ஒரிஜினல்ல சக்கரத்துக்கு நடுவுல இரும்புக் கம்பி அச்சு. நான் ஒரு தடவை வாங்கின டூப்பு பெட்டியில பிளாஸ்டிக் அச்சு, வளைவுல இழுக்க முடியாம எஞ்சின் சக்கரம் நின்ன இடத்துலேயே சுத்துச்சு. சக்கரத்துக்கு மேல ரப்பர் வளையம் இருக்கும் பாருங்க, ரெண்டு நாள்ல அது தேஞ்சு கருப்புத் தூளாக் கொட்டுச்சு.

மச்சான்கிட்ட ஒரே ஒரு வேலை சொல்லுங்க. கடையிலேயே பெட்டியைக் கவுத்து சக்கரத்தை விரலால சுண்டிவிடணும். நாலஞ்சு சுத்து சுத்தினா வாங்கலாம். அரைச் சுத்துல நின்னா வேண்டாம்.

தொண்டி_லாத்தா | 2.02

எல்லாரும் சக்கரத்தையே பேசுறீங்க. தம்பி, நீங்க கடைசியா எழுதின வரியைத் திரும்பப் படிங்க. ரெண்டு வயசுப் புள்ளை வாயில போடுதுன்னு நீங்களே சொல்றீங்க. ரயில் பெட்டி ரெண்டையும் இணைக்கிறது காந்தம். நான் ஆஸ்பத்திரியில வேலை பார்க்கிறவள். ஒரு காந்தத்தை முழுங்கினா சில நேரம் தானா வெளியே வந்துடும். ரெண்டை முழுங்கினா குடலோட இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு ஒட்டிக்கிட்டு நடுவுல இருக்கிற சதையை நசுக்கி ஓட்டை போடும். ஆபரேஷன்தான்.

நல்ல தயாரிப்புல காந்தம் பிளாஸ்டிக் உறைக்குள்ள அசையாம அடைச்சிருக்கும். மலிவு சாமான்ல ஒட்டுப்பசையை நம்பி வச்சிருப்பான். நகத்தால நெம்பிப் பார்க்கச் சொல்லுங்க. ஆடுச்சுன்னா வாங்கவே வேண்டாம். ஐஎஸ்ஐ முத்திரை இருக்கான்னும் பாருங்க. 2021 ஜனவரி 1-லேர்ந்து நம்ம நாட்டுல பொம்மைக்கு அது கட்டாயம்.

கீழக்கரையான் | 2.10

இதை நான் யோசிக்கவே இல்ல லாத்தா. மச்சானுக்கு அனுப்பிட்டேன்.

பெட்டிக்கடை_வக்கீல் | 2.38

ஒரு திருத்தம். எல்லாரும் டூப்பு டூப்புன்னு ஒரே வாயில சொல்றீங்க, அது தப்பு. கட்டை வடிவத்துக்கு லெகோ காப்புரிமை கேட்டது 1958 ஜனவரி 28. அது காலாவதியாகி எத்தனையோ காலம் ஆச்சு. அந்த வடிவத்தையே வணிக முத்திரையா வச்சுக்கிறோம்னு கேட்டுப் பார்த்தாங்க. 2010-ல ஐரோப்பிய நீதிமன்றம் முடியாதுன்னுடுச்சு. ஆக யார் வேணும்னாலும் பொருந்துற கட்டை அடிக்கலாம். சொந்தமா ரயில் வடிவமைச்சு சொந்தப் பேர்ல விற்கிறவன் திருடன் இல்ல.

ஒன்பதுவோல்ட் | 2.55

திருடன் இல்லையா? லெப்பின், அது ஒரு சீன பிராண்ட். பெட்டிப் படம் முதக்கொண்டு அப்படியே. 2019-ல போலீஸ் பிடிச்சது. 2020-ல அதை நடத்தினவனுக்கு 6 வருஷம் ஜெயில், 9 கோடி யுவான் அபராதம். கீழக்கரையான் சொன்னதைப் படிங்க: “அதே படம், அதே கலர்”. இது எந்த வகைன்னு சின்னப் புள்ளைக்கும் தெரியும்.

பெட்டிக்கடை_வக்கீல் | 3.07

நான் சொன்னதைத்தான் நீங்களும் சொல்றீங்க, கோபமா. படத்தையும் பேரையும் திருடுறது குற்றம். கட்டை அடிக்கிறது குற்றம் இல்ல. சரி, திருட்டுன்னு பேச்சு வந்துச்சு, கிட்டிகிராஃப்ட் கேள்விப்பட்டிருக்கீங்களா? இங்கிலாந்துக்காரன் பிளாஸ்டிக் கட்டை. அதைப் பார்த்துத்தான் லெகோ 1949-ல தன்னோட முதல் கட்டையைப் போட்டுச்சு. மிச்ச உரிமையைக் காசு கொடுத்து வாங்கினது 1981-ல. பாட்டன் சொத்து ஒண்ணும் இல்ல.

ஒன்பதுவோல்ட் | 3.15

பார்த்துச் செஞ்சது வேற, மேம்படுத்தினது வேற. உள்பக்கம் குழாய் வச்சது 1958-ல லெகோதான். அந்தக் குழாய் இல்லைன்னா கட்டை பிடிக்கவே பிடிக்காது. பாதி படிச்சுட்டு வந்து வாதாட வேண்டாம்.

மண்டபம்_மெக்கானிக் | 3.20

சாமி, ரெண்டு பேரும் கொஞ்சம் கடல்காத்து வாங்கிட்டு வாங்க. ஒன்பதுவோல்ட் அண்ணே, ஒரு சந்தேகம். தண்டவாளத்துல கரண்ட் ஓடுற உங்க மெட்டல் ட்ராக் இந்த ஊர்க் காத்துல எத்தனை நாள் தாங்கும்? எங்க வீட்டு ஜன்னல் கம்பியே வருஷத்துக்கு ஒரு பெயிண்ட் கேட்குது.

ஒன்பதுவோல்ட் | 3.26

துடைச்சு வைக்கணும். என்னோடது 20 வருஷமா இருக்கு. எல்லாத்துக்கும் உப்புன்னா எப்படி.

உச்சிப்புளி_சிக்னல் | 3.40

பாய் பதில் போடுற வரைக்கும் ஒரு சின்ன ஆசையைச் சொல்லிக்கிறேன். நான் புது பாம்பன் பாலத்தை இந்தக் கட்டையில கட்டலாம்னு இருக்கேன். நம்ம அகல ரயில் பாதை 1676 மில்லிமீட்டர். அதை 37.5-ஆல வகுத்தா சுமார் 45-ல ஒண்ணு. தூக்குற கண்ணு (மேல ஏறுற பாலத்துண்டு) மட்டும் 72.5 மீட்டர். அளவு குறைச்சா 1 மீட்டர் 62 செ.மீ. நேர் ட்ராக் ஒண்ணு 12.8 செ.மீ., 13 துண்டு போதும். கூடத்துல அடங்கிடும்.

மண்டபம்_மெக்கானிக் | 3.48

72 மீட்டர் உசரம் தூக்குதா அது? நான் தினம் பார்க்கிறேன், அவ்வளவு இல்லையே.

உச்சிப்புளி_சிக்னல் | 3.50

நீளம்ணே 72.5. உசரம் 17 மீட்டர்தான் தூக்கும். நம்ம கணக்குல 38 செ.மீ. முழுப் பாலமும் கட்டணும்னா 46 மீட்டர் வரும், தெருவை அடைக்கணும்.

ஒன்பதுவோல்ட் | 4.02

கணக்கு சரி, பாலம் தப்பு. கட்டினா 1914 பிப்ரவரி 24-ல திறந்ததைக் கட்டணும். நடுவுல ரெண்டு கையும் பிரிஞ்சு மேல எழும்புமே, அதுல இருக்கிற அழகு லிஃப்ட்டு மாதிரி ஏறி இறங்குறதுல ஏது. அப்போ அது மீட்டர் கேஜ், 2007-ல தான் அகலப்பாதை. 1000-ஐ 37.5-ஆல வகுத்துப் பார், 27-ல ஒண்ணு வரும். உன் கூடம் பத்தாது.

மண்டபம்_மெக்கானிக் | 4.10

கம்பிய மாட்டி ஆளுங்க சுத்திச் சுத்தித் திறப்பாங்க. எங்க வாத்தியார் போட்டுல நின்னுக்கிட்டே காத்திருப்போம், கையில டீ. இப்ப பட்டனை அமுக்குறான். 64 புயல்ல உருக்குலைஞ்சுபோயி, 46 நாள்ல நிமித்தின பாலம் அது. புதுசைக் குறை சொல்லல. பழசு மேல ஒரு இது.

தொண்டி_லாத்தா | 4.15

பாலத்தை நாளைக்குக் கட்டிக்கலாம். தம்பிக்கு விலையில ஒரு விஷயம் யாரும் சொல்லலை. ஒரிஜினல் இங்க இவ்வளவு விலை விக்கிறதுக்குப் பொம்மை மேல இறக்குமதி வரியும் ஒரு காரணம். 2020-ல 20 சதவீதம் 60 ஆச்சு, 2023-ல 70 ஆச்சு. துபாய்க் காக்கா மறுபடி லீவுல வர்றப்போ ட்ராக் பாக்கெட் ஒண்ணு கொண்டுவரச் சொன்னா, இந்தத் தலைவலியே இல்ல.

கீழக்கரையான் | 5.20

காக்கா போன மாசம்தான் போனாரு லாத்தா. அடுத்த சபுர் (வெளிநாட்டுப் பயணம்) முடிஞ்சு வர ரெண்டு வருஷம். பெருநாளைக்கு வேணும்னு அழுறான். ட்ராக்கும் பெட்டியும் மட்டும் பார்க்கச் சொல்லிட்டேன். டூப்பு ஹப்பு என் ரிமோட்டுக்கு வேலை செய்யுமா? மச்சான் கேட்கிறான், முழு செட்டுக்கும் இதுக்கும் விலை வித்தியாசம் கொஞ்சம்தானாம்.

உச்சிப்புளி_சிக்னல் | 5.31

நம்பி வாங்காதீங்க, பெரும்பாலும் சேராது. சில டூப்புல ப்ளூடூத்தே இருக்காது, ரிமோட்டை நேரே காட்டினாத்தான் கேட்கும், டிவி மாதிரி. ஹப் வேண்டாம். ட்ராக், பெட்டி. அவ்வளவுதான். அஞ்சு வளைவு, எண்ணி வாங்கச் சொல்லுங்க, அட்டையில போட்டிருக்கிறதை நம்பாம.

ஒன்பதுவோல்ட் | 5.33

எண்ணுவான்கிற.

மண்டபம்_மெக்கானிக் | 5.36

வாங்கினதும் அந்த ஸ்பிரிங்கைப் பாருங்க.

உச்சிப்புளி_சிக்னல் | வெள்ளி, காலை 9.15

பாய், என்ன ஆச்சு? மச்சான் கடைக்குப் போனாரா?

பெட்டிக்கடை_வக்கீல் | ஞாயிறு, இரவு 8.40

வழக்கம்போல. கேட்க வர்ற வேகம் சொல்ல வர்றப்போ இருக்காது.

கீழக்கரையான் | செவ்வாய், இரவு 10.05

வந்துட்டேன், பெருநாள் வேலை. மச்சான் ட்ராக் பாக்கெட் ஒண்ணும் பெட்டி ஒண்ணும் வாங்கினான். சக்கரம் சுண்டிப் பார்த்துத்தான் வாங்கினானாம், நல்லாச் சுத்துது. காந்தம் ஆடுச்சு, அதனால ரெண்டையும் கழட்டி மூடி போட்ட டப்பாவுல அலமாரிக்கு மேல வச்சாச்சு. பெட்டியை நூலால கட்டி இழுக்கிறான். பாக்கெட்டுல “8 வளைவு”ன்னு படம் போட்டிருந்துச்சு. பிரிச்சா 4 வளைவு, 4 நேர். ஆக 15. வட்டம் மூடலை. ஒரு சாண் இடைவெளியில ரயில் வந்து தரையில இறங்குது. அவன் அதையே ஸ்டேஷன்ங்கிறான். நன்றி எல்லாருக்கும்.

தொண்டி_லாத்தா | 10.12

காந்தத்தைக் கழட்டினீங்களே, அது போதும். மேல வச்சதை மறந்துடாதீங்க.

ஒன்பதுவோல்ட் | 10.31

எண்ணுவான்கிறன்னு சொன்னேன்.

என்கிட்ட வளைவு உபரியா இருக்கு. மெட்டல் போட்டது, பளபளன்னு வேற மாதிரி தெரியும். பொருத்தம் ஒண்ணேதான், பேட்டரி ரயில் அதைப் பத்திக் கவலைப்படாது. தனிச்செய்தியில முகவரி போடு.

மண்டபம்_மெக்கானிக் | 10.33

அனுப்புறதுக்கு முன்னாடி உப்புத்தாள் போடுங்கண்ணே.