இன்ட்ரோவெர்ட்டா இருந்தாத்தான் சீக்கிரம் ரிட்டயர் ஆக முடியுமா?

வெயில்குருவி:
மக்களே, கொஞ்ச நாளா ஒரு சந்தேகம் மண்டைய குடையுது. சீக்கிரம் சேத்துட்டு வேலைய விட்டுடற இந்த ஃபயர் விஷயத்த பத்தி எங்க படிச்சாலும், எழுதறவங்க எல்லாரும் எம்பிடிஐங்கற குண டெஸ்ட்ல தாங்க ஐஎன்டிஜே இல்லன்னா ஐஎஸ்டிஜே, அதாவது திட்டம் போட்டு நடக்கற இன்ட்ரோவெர்ட் டைப்புன்னு சொல்லிக்கறாங்க. நான் அந்த டெஸ்ட் எழுதினா இஎன்எஃப்பின்னு வருது. நாலு பேரோட இருந்தாத்தான் எனக்கு உயிரே வரும், செலவு கணக்கு எழுத ஆரம்பிச்சா ஒரு வாரம் தாங்காது. என் வீட்டுக்காரர் நேர் எதிர், வேணுங்கற பொருளையே கார்ட்ல போட்டு வச்சு ரெண்டு மாசம் பாத்துட்டே இருப்பார், அப்புறம் டெலீட் பண்ணிடுவார். சம்பளம் ரெண்டு பேருக்கும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், ஆனா வருஷக் கடைசில கையில நிக்கறது மலைக்கும் மடுவுக்கும் இருக்கு. இது பொறவி குணமா, இல்ல மாத்திக்க வழி இருக்கா? "கட்டுப்பாடா இரு"ங்கற அட்வைஸ் மட்டும் தயவு செஞ்சு வேண்டாம், அத வீட்லயே தெனம் கேக்கறேன் 😄

கட்டம்போட்டசட்டை:
மேடம், அந்த நாலெழுத்த முதல்ல ஓரமா வைங்க. மனோதத்துவ நிபுணர் யுங் 1921-ல சொன்ன கருத்த எடுத்து காத்தரின் பிரிக்ஸும் அவங்க பொண்ணு இசபெல் மையர்ஸும் உருவாக்குனதுதான் எம்பிடிஐ, ரெண்டு பேருமே சைக்காலஜி முறையா படிச்சவங்க இல்ல. அதுல பெரிய சிக்கல் என்னன்னா ஒவ்வொரு குணத்துலயும் பெரும்பாலான ஜனங்க நடுவுலதான் நிக்கறாங்க, எல்லாரோட உயரத்தையும் அளந்துட்டு நெட்டை குட்டைன்னு ரெண்டே டப்பால போடற மாதிரி இது போட்டுடுது, அதான் சில வாரம் கழிச்சு திரும்ப எழுதினா நெறைய பேருக்கு ஒரு எழுத்தாவது மாறி வருது.

ஐஎன்டிஜே கூட்டம் ஏன் அதிகமா தெரியுதுன்னா, ராத்திரி உக்காந்து எக்ஸெல் ஷீட் போட்டு அத பத்தி பத்தி பத்தியா எழுதறவன் யாரு, அந்த டைப் ஆளுதானே. கலகலன்னு இருக்கற ஒருத்தர் அதே பணத்த சேத்துட்டு வேலைய விட்டிருந்தா இங்க வந்து எழுதிட்டு இருக்க மாட்டார், எங்கயாவது ஊர் சுத்திட்டு இருப்பார்.

ஆராய்ச்சி பண்றவங்க நம்பறது பிக் ஃபைவ்ங்கற அஞ்சு குணத்த. புதுச நாடறது, ஒழுங்கு, கலகலப்பு, இணக்கம், பதட்டம். இதுல பணம் சேக்கறதோட ஓரளவு திரும்பத் திரும்ப ஒத்துப் போறது ஒழுங்குதான், அதாவது நெனச்சத நெனச்ச நேரத்துல முடிக்கற பழக்கம். இன்ட்ரோவெர்ட்டா எக்ஸ்ட்ரோவெர்ட்டாங்கறது இதுல ரெண்டாம்பட்சம். இன்னொரு நல்ல சேதி, பொதுவா வயசு ஏற ஏற இந்த ஒழுங்கு கூடத்தான் செய்யுது, கல்லுல செதுக்குனது கெடையாது.

பாதிவழி:
மேல சொன்னதோட ஒத்துப் போறேன், ஆனா ஒரு குணத்த அவர் பேர மட்டும் சொல்லிட்டு தாண்டிட்டார், இணக்கம். எல்லார்கிட்டயும் நல்லவன்னு பேர் வாங்கறவங்களுக்கு சம்பளம் சராசரியா கம்மிங்கறது 2012-ல வந்த ஒரு அமெரிக்க ஆய்வுல வந்துச்சு, அதுவும் ஆம்பளைங்ககிட்ட அந்த வித்தியாசம் இன்னும் ஜாஸ்தி.

எனக்கு இது படிச்சு தெரிய வேண்டியதே இல்ல. இன்க்ரிமென்ட் மீட்டிங்ல மேனேஜர் நம்பர சொல்லிட்டு பேப்பர இந்தப் பக்கம் தள்ளுவார், நான் அத ஒழுங்கா படிக்கறதுக்கு முன்னாடியே "தேங்க்யூ சார்"னு வாய்ல வந்துரும். என் கூட சேந்தவன் ஒரு நிமிஷம் ஒண்ணும் பேசாம அந்த பேப்பரையே பாத்துட்டு இருப்பானாம், அவ்ளோதான் அவன் பண்றது, அதுக்கே அவர் "சரி என்ன எதிர்பாக்கற"ன்னு கேட்ருவாராம். கடன் கேட்டு வர்றவங்க கதையும் அதேதான், இல்லன்னு சொல்ல வாய் வராது, திருப்பி கேக்கவும் வாய் வராது. நான் ஒண்ணும் ஆடம்பரமா செலவு பண்ற ஆள் இல்ல, ஆனா சேவிங்ஸ் கரையறது இந்த வழியாத்தான். சிஸ்டர், உங்க பணம் எந்த ஓட்டை வழியா போகுதுன்னு மொதல்ல பாருங்க, உங்களுக்காக செலவு பண்றீங்களா இல்ல அடுத்தவங்களுக்கு முடியாதுன்னு சொல்ல முடியாம போகுதா? ரெண்டுக்கும் வைத்தியம் வேற வேற.

நெம்பர்நாராயணா:
எல்லாரும் குணத்தையே பேசிட்டு இருக்கீங்க, கணக்க யாரும் தொடல. பணவீக்கம் போக வருஷத்துக்கு 5% வருதுன்னு வைங்க, வருஷச் செலவு மாதிரி 25 மடங்கு சேக்கணும்னு வைங்க. சம்பளத்துல 10% சேத்தா சுமார் 51 வருஷம், 20% சேத்தா 37, பாதிய சேத்தா 17 வருஷத்துக்குள்ள முடிஞ்சுடும். சம்பளம் எவ்ளோங்கறது இந்த கணக்குல வரவே இல்ல பாருங்க. ஆனா நெஜ வாழ்க்கைல வரும், ஏன்னா சாப்பாடு வாடகைக்கே சம்பளம் பத்தாதவன்கிட்ட போய் பாதிய சேத்து வைன்னு சொன்னா அவன் நம்மள அடிக்க வருவான், அது நியாயமும் கூட. குணத்த பத்தி பேசறதே கொஞ்சம் வசதி இருக்கறவங்க பேச்சு.

அந்த 25 மடங்கு எங்கேந்து வந்துச்சுன்னா வில்லியம் பெங்கென்னு ஒருத்தர் 1994-ல அமெரிக்க மார்க்கெட் டேட்டாவ வச்சு போட்ட 4% கணக்குலேந்து, அதாவது சேத்ததுல மொத வருஷம் 4% எடுத்து செலவு பண்ணலாம், அப்புறம் விலைவாசி ஏறற அளவுக்கு கூட்டிக்கலாம்ங்கறது. அவர் பாத்தது 30 வருஷம் பணம் தாங்குமான்னுதான். நாப்பது வயசுல வேலைய விடறவனுக்கு 50 வருஷம் கூட தேவைப்படலாம், அதனால 4%-ஐ அப்படியே எடுத்துக்காதீங்க, கொறச்சு வைங்க.

குணம் எனக்கு எங்க முக்கியம்னு தோணுதுன்னா மார்க்கெட் விழற அன்னிக்கு. பதட்டக்காரன் எல்லாத்தையும் வித்துட்டு வெளிய வந்துருவான், அதுக்கப்புறம் ஏறும்போது உள்ள போக பயப்படுவான், அதோட அவன் 17 வருஷம் 25 ஆயிடும். ரொம்ப தைரியசாலியும் ஆபத்துதான், அவன் எமர்ஜென்சி ஃபண்டயே ஷேர்ல போட்ருவான்.

தாமரைஇலை:
வெயில்குருவி, உங்க வீட்டுக்காரர பத்தி சொன்னீங்களே, அதுக்கு ஆராய்ச்சியே இருக்குப்பா. பணத்த எடுத்துக் குடுக்கும்போதே சிலருக்கு மனசு வலிக்குமாம், வேணும்னு நெனச்சத கூட வாங்க முடியாம போகும், சிலருக்கு அந்த வலியே இருக்காது, ரெண்டு பேருமே தாங்க விரும்பற மாதிரி செலவு பண்றதில்லன்னு ஸ்காட் ரிக்கும் கூட இருந்தவங்களும் 2008-ல எழுதுனாங்க. அப்புறம் இந்த ரெண்டு ஜாதியும் ஒண்ணையொண்ணு தேடிப்போய் கல்யாணம் பண்ணிக்கும், பண்ணிட்டு பணத்துக்காக சண்டை போடும்னும் கண்டுபிடிச்சாங்க, அது எங்க வீட்ல வந்து பாத்தாலே தெரிஞ்சிருக்கும் 😂

உங்க வீட்டுக்காரர் சேக்கறது சந்தோஷமான்னு ஒரு தடவ கேட்டுப் பாருங்க. சேக்கறதுல சந்தோஷப்படறவர் வேற, செலவுக்கு பயந்து சேக்கறவர் வேற. ரெண்டாவது டைப் ரிட்டயர் ஆனா ரொம்ப கஷ்டம், ஏன்னா அதுக்கப்புறம் வருமானம் இல்லாம எடுத்து செலவு மட்டுமே பண்ணணும், அவங்களுக்கு ஒவ்வொரு மாசமும் நரகம்.

உங்களுக்கு என் யோசனை, கணக்கு எழுதற வேலையே வேண்டாம், வராதுன்னு தெரிஞ்சுடுச்சுல்ல. சம்பளம் வந்த மறுநாளே ஆட்டோ டெபிட்ல போயிடணும், மிச்சத்த கண்ண மூடிட்டு செலவு பண்ணுங்க. தேலர், பெனார்ட்ஸின்னு ரெண்டு பொருளாதார ஆராய்ச்சியாளர்கள் ஒரு கம்பெனில, இன்க்ரிமென்ட் வரும்போதெல்லாம் சேமிப்பு விகிதம் தானா ஏறற மாதிரி செட் பண்ணாங்க, 3.5% சேத்துட்டு இருந்தவங்க 40 மாசத்துல 13.6%-க்கு வந்துட்டாங்க. அவங்க குணத்த யாரும் மாத்தல, கையில வர்றதுக்கு முன்னாடியே போயிடுச்சு அவ்ளோதான்.

பழையஎஞ்சின்:
நான் விட்டு கொஞ்ச வருஷம் ஆச்சு, நானும் வாய் ஓயாத டைப்தான். சேக்கறது எனக்கு பெரிய கஷ்டமா இல்ல, விட்ட அப்புறம்தான் கஷ்டம். திங்கக்கிழமை காலைல பத்து மணிக்கு யாருக்கு போன் பண்ணாலும் "மீட்டிங்ல இருக்கேன், அப்புறம் கூப்புடறேன்"னு வரும். உங்களுக்கு ஆளுங்கதான் உயிருன்னா முழுசா விடாதீங்கம்மா, வாரத்துல ரெண்டு நாள் மாதிரி ஏதாவது வச்சுக்குங்க. அதுல கொஞ்சம் வருமானம் வந்தா அந்த 25 மடங்கும் வேண்டியதில்ல.

வெயில்குருவி:
அடேங்கப்பா, இவ்ளோ எதிர்பாக்கல, எல்லாருக்கும் நன்றி. பாதிவழி கேட்டத பாத்துட்டு போன மூணு மாச ஸ்டேட்மென்ட்ட எடுத்துப் பாத்தேன், எனக்குன்னு வாங்குனது கொஞ்சம்தான், மீதி பூரா கூட்டத்துக்கு நான் குடுத்த பில்லு. யாராவது பில்ல கேட்டாலே என் கை முன்னாடி போயிடும் போல. ஆட்டோ டெபிட் இன்னிக்கே போடறேன். வீட்டுக்காரர்கிட்டயும் அந்த கேள்விய கேட்டேன், "எதுக்கு கேக்கற, யார் சொன்னா"ன்னு திருப்பி கேக்கறார். எத்தன பர்சென்ட்ல ஆரம்பிக்கட்டும்?

தாமரைஇலை:
இப்ப எவ்ளோ நிக்குதோ அதுக்கு மேல 5 பர்சென்ட் வைங்க. அடுத்த இன்க்ரிமென்ட்ல பாதிய அதுல சேத்துருங்க, லெட்டர் கையில வந்த அன்னிக்கே. பில்லு குடுக்கறதுக்கு மாசம் ஒரு தொகைய தனி அக்கவுண்ட்ல போட்டு அந்த கார்ட மட்டும் எடுத்துட்டு போங்க, அத நிறுத்திடுங்கன்னு நான் சொல்ல மாட்டேன்.