பொருள் தெரியாமல் சிவபுராணம் பாடினால் பயன் இல்லையா?

மண்டூர்க்காரி:
கல்லடி வாத்தியார் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. திருவாசகத்தின் முதல் பாட்டான சிவபுராணத்தைப் பொருள் தெரியாமல் பாடுகிறவர்கள் கிளிப்பிள்ளைகளாம், அவர்கள் மனம் அதனால் பக்குவப்படாதாம். என் அம்மம்மாவுக்கு எழுத்து வாசனை கிடையாது. கோயிலில் கேட்டுக் கேட்டே பாடமாக்கினவ. 2004 சுனாமியில் நாவலடியில் இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தா. அன்றிலிருந்து விடியப்புறம் விளக்கேற்றி 95 வரியும் பாடிய பிறகுதான் தேத்தண்ணி குடிப்பா. அவவைப் பித்துப் பிடிக்காமல் காப்பாற்றியது அந்தப் பாட்டு. அவவும் கிளிப்பிள்ளையா?

கல்லடி வாத்தியார்:
தங்கச்சி, உங்கள் அம்மம்மாவை நான் சொல்லவில்லை. மாணிக்கவாசகர் சொன்னதைத்தான் சொன்னேன். சிவபுராணத்தின் கடைசியில் என்ன இருக்கிறது? "சொல்லிய பாட்டின் பொருள் உணர்ந்து சொல்லுவார்". அப்படிச் சொல்லுகிறவர்கள்தான் சிவபுரம் போவார்கள். பொருள் உணர்ந்து! வெறுமனே சொல்லுவார் என்று அவர் பாடவில்லை.

மண்டூர்க்காரி:
உணர்ந்து என்றுதானே பாடினார்? அறிந்து என்று பாடவில்லையே.

கல்லடி வாத்தியார்:
தெரியாத ஒன்றை எப்படி உணர்வது? நான் சின்ன வயதிலிருந்து முப்பது வயது வரை சும்மா பாடியவன். பாடும்போது கண்ணீர் வரும், படலையைத் தாண்டினதும் கோபம் வரும். ஒருநாள் உரையோடு வைத்துப் படித்தபோது "புலன் ஐந்தும் வஞ்சனையைச் செய்ய" என்ற இடத்தில் நின்றுவிட்டேன். என்னை ஏமாற்றுவது ஊரார் இல்லை, என் கண்ணும் காதும் நாக்கும்தான் என்று அன்றுதான் பிடிபட்டது. அதற்குப் பிறகு வீட்டில் சத்தம் போடுவது குறைந்தது. அத்தனை வருஷம் பாடியும் வராத மாற்றம் அது. ஆகவே திரும்பவும் சொல்கிறேன், பொருள் உணர்ந்து.

காரைதீவான்:
வாத்தியார் அண்ணன், தில்லையில் அந்தணர்கள் திருவாசகத்துக்குப் பொருள் கேட்டபோது மாணிக்கவாசகர் என்ன செய்தார்? கூத்தப்பெருமானைக் காட்டி, இவரே பொருள் என்று சொல்லி மறைந்தார். நீங்கள் அங்கே நின்றிருந்தால் அவரிடம் பதவுரை எழுதி வாங்காமல் விட்டிருக்க மாட்டீர்கள்!

கல்லடி வாத்தியார்:
அது புராணக் கதை. நான் பேசுவது பாட்டில் உள்ள சொல்லை. "கோகழி ஆண்ட குருமணி" என்று தினமும் பாடுகிறீர்களே, கோகழி எது?

காரைதீவான்:
திருப்பெருந்துறை என்பவர்களும் உண்டு, திருவாவடுதுறை என்பவர்களும் உண்டு. உரைகாரர்களே ஒத்துப்போகவில்லை. அப்போ அவர்களில் ஒரு பகுதிக்குச் சிவபுரம் கிடையாதா?

கல்லடி வாத்தியார்:
இது விதண்டாவாதம். விபுலானந்த அடிகளைப் பெற்ற மட்டக்களப்பில் இருந்துகொண்டு படிப்பைப் பழிக்கிறீர்கள். பண்களையும் யாழையும் துருவித் துருவி ஆராய்ந்து 1947இல் யாழ்நூல் தந்தவர் அவர். துறவியே அவ்வளவு படித்தார்.

காரைதீவான்:
அடிகள் 1892இல் பிறந்தது காரைதீவில். காரைதீவு அம்பாறை மாவட்டம்.

கல்லடி வாத்தியார்:
அம்பாறை மாவட்டம் 1961இல்தான் பிரிந்தது. அவர் பிறந்தபோது ஏது அம்பாறை மாவட்டம்?

காரைதீவான்:
மறுகா ஊர்ப் பெயரையாவது சொல்லலாம்தானே? சமாதி கல்லடியில் இருந்தால் பிறந்த ஊரும் உங்களுடையதா? ஒரு குருபூசைப் பேச்சிலும் காரைதீவு என்ற சொல்லே உங்கள் வாயில் வரவில்லை. முன் வரிசையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன், மறக்கவில்லை.

வாழைச்சேனைத் தம்பி:
ஒரு சந்தேகம். எனக்கு இரவில் நித்திரை இல்லை, மனம் ஒரே அலைச்சல். சிவபுராணம் தொடங்கலாம் என்று இருக்கிறேன். முதலில் பாடுவதா, உரை படிப்பதா?

கல்லடி வாத்தியார்:
உரைதான் தம்பி. ஒரு நாளைக்கு இரண்டு வரி எடுங்கள். 95 வரியும் 48 நாளில் முடியும், ஒரு மண்டலக் கணக்கு. அன்றன்று படித்த இரண்டு வரியைப் படுக்கும் முன் நினைத்துப் பாருங்கள். வாயால் பாடுவது மறுகா வரும்.

மண்டூர்க்காரி:
48 நாள் வரை அந்தப் பிள்ளை நித்திரை இல்லாமல் கிடக்கவா? தம்பி, இன்றைக்கே பாடுங்கள். "அவன் அருளாலே அவன் தாள் வணங்கி" என்பதும் அதே சிவபுராணம்தான். வணங்குவதற்கு அவன் அருள் வேணும் என்றார், உரைநூல் வேணும் என்று சொல்லவில்லை. எங்கள் மண்டூர் முருகன் கோயிலில் கப்புகனார் வாயை வெள்ளைத் துணியால் கட்டிக்கொண்டுதான் பூசை செய்கிறார். மந்திரம் ஒன்றும் காதில் விழாது. அங்கே நின்று அழுகிற சனம் எந்தப் பொருளைப் படித்துவிட்டு வந்தது?

கல்லடி வாத்தியார்:
மண்டூரை இதற்குள் இழுக்காதீர்கள். அது மௌன பூசை, அங்கே பாட்டே இல்லை. நான் கேட்பது ஒரே கேள்வி. பொருள் வேண்டாம் என்றால் அந்த இடத்தில் பொருள் என்ற சொல்லை அவர் ஏன் வைத்தார்? இதற்கு இதுவரை ஒருவரும் பதில் சொல்லவில்லை.

மண்டூர்க்காரி:
உணர்ந்து என்ற சொல்லை ஏன் வைத்தார்? அதற்கு நீங்களும் சொல்லவில்லை. அம்மம்மாவைக் கிளிப்பிள்ளை என்றதற்கும் இன்னும் ஒரு வார்த்தை வரவில்லை.

கல்லடி வாத்தியார்:
அவவைச் சொல்லவில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். பொருள் உணர்ந்து. அவ்வளவுதான்.

காரைதீவான்:
காரைதீவுக்கும் பதில் வரவில்லை.