பிளே ஸ்கூல் போகும் பிள்ளைக்கு எடை கூடிவிட்டது, உங்கள் வீட்டிலும் நடந்ததா?

தக்கலை அம்மா:

என் மகனுக்கு நாலு வயது. அவன் பள்ளி விளையாட்டு விழாவில் எல்கேஜி பிள்ளைகளுக்குத் தவளை ஓட்டம் வைத்தார்கள், முப்பது அடி தூரம் கூட இருக்காது. மூன்றாவது தாவலில் இவன் கையைத் தரையில் ஊன்றி அப்படியே உட்கார்ந்துவிட்டான். அழவில்லை. மற்ற பிள்ளைகள் கோட்டைத் தொட்டு முடிக்கும்வரை வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டே கூட்டத்தில் என்னைத் தேடினான். அந்த முகம் கண்ணை விட்டுப் போகமாட்டேன் என்கிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

அதுவரை "மக்கா, கொழுகொழுன்னு நல்லா இருக்கியே" என்று யார் கன்னத்தைக் கிள்ளினாலும் எனக்குப் பெருமைதான். மறுவாரம் டாக்டரிடம் காட்டினோம். உயரம் 103 செ.மீ., எடை 20.5 கிலோ. உயரத்துக்கு இருக்க வேண்டிய எடை அட்டவணையில் மேலே உள்ள +2 கோட்டைத் தாண்டியிருக்கிறது, அதாவது எடை கூடுதல் என்றார். பட்டினி போடாதீர்கள், எடையைக் குறைக்கவும் பார்க்காதீர்கள், இந்த எடை இப்படியே நிற்கட்டும், பிள்ளை உயரமாகும்போது சரியாகிவிடும் என்றும் சொன்னார்.

வீட்டில் தப்பு இல்லாமல் இல்லை. பாலில் கலக்கும் பொடியிலேயே சீனி இருக்கிறது, அதற்கு மேல் நான் இரண்டு ஸ்பூன் போடுவேன். அவன் அப்பா கல்ஃபில் இருந்து வரும்போது பெட்டியில் பாதி சாக்லேட். ஆனால் பள்ளியில் போய் விசாரித்தபோதுதான் நெஞ்சு பதறியது. பத்தரை மணிக்கு கிரீம் பிஸ்கட். பதில் சரியாகச் சொன்னால் மிட்டாய். வகுப்பில் 26 பிள்ளைகள், அப்படியென்றால் வருஷத்தில் 26 பிறந்தநாள், 26 கேக். முற்றம் முழுக்க இன்டர்லாக் கல் போட்டு வேன் நிறுத்துகிறார்கள், மதியம் சாப்பிட்ட பிறகு டிவியில் பாட்டு. காலை ஒன்பதரையிலிருந்து மூன்று மணி வரைக்கும் அந்தப் பிள்ளைகள் ஓடுவதற்கு இடமே கிடையாது. சேர்க்கும்போது வேன் எத்தனை மணிக்கு வரும், கேமரா இருக்கிறதா என்றெல்லாம் கேட்டேன். பிள்ளை எங்கே ஓடும் என்று கேட்கவில்லை.

இதுபோல் நடந்தவர்கள் எழுதுங்கள்.

திருவட்டாறு அங்கன்வாடி டீச்சர்:

தங்கச்சி, இது உங்கள் ஒருவர் தப்பு இல்லை. நான் வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் எங்கள் கண் மெலிந்த பிள்ளையை மட்டும்தான் தேடும். 1975-ல் இந்த அங்கன்வாடித் திட்டம் வந்ததும், 1982-ல் தமிழ்நாட்டில் சத்துணவு வந்ததும் பசிக்காகத்தான். அதனால் எடை போடும் நாளில் முள் மேலே போனால் எல்லோருக்கும் சந்தோஷம். வயதுக்கு எடை மட்டும் பார்த்தால் குண்டுப் பிள்ளை "நார்மல்" என்றே வந்துவிடும், உயரத்தையும் அளந்து சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும்.

எனக்கு மறக்காதது ஒரு மூணேகால் வயதுப் பெண் பிள்ளை. நல்ல உருண்டை. எங்கள் மையத்துக் கொல்லையில் காய்த்த வெள்ளரியை நீளமாக நறுக்கி எல்லோர் கையிலும் ஒவ்வொன்று கொடுத்தேன். மற்றதுகள் கடித்துத் தின்றன. இவள் வாய்க்குள் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள், பத்து நிமிஷம் ஆகியும் அந்தத் துண்டு அப்படியே இருக்கிறது, எச்சில் மட்டும் வடிகிறது. கடிக்கவே தெரியவில்லை! அம்மச்சி கூப்பிட வந்தபோது கேட்டேன். "சோறும் பருப்பும் மிக்ஸியில் அடிச்சு நெய் விட்டுக் குடுப்பேன், போன்ல பாட்டு போட்டா ஒரு கிண்ணமும் இறங்கிரும், அவ அறியவே மாட்டா" என்றார், பாசத்தோடுதான் சொன்னார். பிள்ளை அறியாமல் ஊட்டினால் வயிறு நிறைந்ததையும் அறியாது, அம்மா, என்று சொன்னேன். கோபப்பட்டு ஒரு வாரம் பிள்ளையை அனுப்பவில்லை. அப்புறம் வந்தாள். அவித்த முட்டையை, வாரம் மூன்று நாள் நாங்கள் கொடுப்பதை, முதலில் பிய்த்துப் பிய்த்துக் கொடுத்தேன், இரண்டு மாதத்தில் முழு முட்டையைக் கடிக்கப் பழகினாள்.

கருங்கல் ஊர், இப்போது சவூதி:

முதலில் எழுதிய அக்கா, பெட்டியில் பாதி சாக்லேட் என்று எழுதியதைப் படித்தபோது மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருகிறவன் வேறு எதைக் கொண்டு வருவான்? பிள்ளை ஓடி வந்து பெட்டியைத் திறக்கும் அந்த ஐந்து நிமிஷத்துக்காகத்தான் இங்கே நாள் எண்ணுகிறோம். தப்பு என்று தெரிகிறது, ஆனாலும் கொஞ்சம் எங்கள் பக்கமும் பாருங்கள்.

என் மகளை அவள் பள்ளியில் ஒரு மிஸ் "குண்டம்மா" என்று கூப்பிட்டிருக்கிறார். கேலியாகச் சொன்னாரோ செல்லமாகச் சொன்னாரோ தெரியாது. வீடியோ காலில் பார்க்கிறேன், போட்டோவுக்கு நிற்கச் சொன்னால் தண்ணி பாட்டிலை எடுத்து வயிற்றுக்கு நேராகப் பிடித்துக்கொள்கிறாள். நாலரை வயசு! யார் சொல்லிக்கொடுத்தார்கள்? ஆள் முன்னால் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்று தின்கிறாள் என்று என் மைனி சொன்னாள். அதனால் எல்லோரிடமும் கேட்டுக்கொள்கிறேன், எடை பற்றி டாக்டரிடம் பேசுங்கள், டீச்சரிடம் பேசுங்கள், பிள்ளை காது கேட்கப் பேசாதீர்கள்.

கோட்டாறு, ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்:

வட்டக்கோட்டைக்குப் பேரனைக் கூட்டிப் போனேன். மேலே ஏறும் சரிவில் பாதியிலேயே "பாட்டா, தூக்கு" என்றான். ஐந்து வயது ஆகப்போகிறது. தூக்கினேன், எனக்கு மூச்சு வாங்கியது, கடலைப் பார்க்காமலே இறங்கிவிட்டோம்.

இப்போது சிலது சொல்கிறேன். 2019-ல் உலக சுகாதார நிறுவனம் ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கென்றே வழிகாட்டுதல் வெளியிட்டது. மூன்று, நாலு வயதுப் பிள்ளை ஒரு நாளில் குறைந்தது 180 நிமிஷம் உடம்பை அசைக்க வேண்டும், அதில் 60 நிமிஷமாவது மூச்சு வாங்குகிற மாதிரி ஓட்டமும் சாட்டமுமாக இருக்க வேண்டும். போன், டிவி ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, குறைந்தால் நல்லது. தூக்கம் 10 முதல் 13 மணி நேரம். 180 நிமிஷமா என்று மலைக்க வேண்டாம், ஒரே மூச்சில் இல்லை, அங்கே இங்கேயாகச் சேர்ந்து வருவதுதான். பிள்ளையைச் சும்மா விட்டாலே அதுவாக ஓடும், நாம்தான் பெல்ட் போட்டு உட்கார வைக்கிறோம். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் பெய்கிறது, ஜூனிலும் மழை ஐப்பசியிலும் மழை, அதனால் பள்ளிக்கு மைதானம் மட்டும் போதாது, கூரை போட்ட ஒரு திண்ணையாவது வேண்டும். அங்கே நொண்டி, குலை குலையா முந்திரிக்கா, கல்லா மண்ணா, சாக்பீஸில் கோடு போட்டுத் தாவுவது, துணிப்பந்து எறிவது, இதற்கெல்லாம் காசு ஆகாது. ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் பத்து நிமிஷம் எழுப்பி ஆட விடுங்கள். எழுதச் சொல்லி அதட்டிவிட்டு "ஆடாதே அசையாதே" என்பதை முதலில் விடுங்கள், மூன்று வயதுக் கை எழுத வேண்டியதில்லை, மண்ணைப் பிசையட்டும்.

சாப்பாட்டுக்கு வேறு ஊரைப் பார்க்க வேண்டாம். புட்டும் பயறும், பப்படம் வேண்டாம், மேலே சீனி தூவவும் வேண்டாம். ஏத்தன்பழத்தை, அதுதான் நேந்திரன்பழத்தை, அவித்துக் கொடுங்கள், சிப்ஸும் அதே காயில் வருகிறதுதான் என்று சமாதானம் சொல்லாதீர்கள், எண்ணெயும் உப்பும் சேர்ந்தால் அது வேறு சாமான். மட்டிப்பழம், கொய்யா, பப்பாளி முழுசாகக் கொடுங்கள், ஜூஸ் அடித்தால் நாலு பழத்துச் சீனி ஒரு டம்ளரில் இறங்கிவிடும். சாளை, நெத்தோலி மீன் குழம்பாக. பாட்டில் பால், சீனிப் பால் இரண்டையும் நிறுத்துங்கள். பாலில் கலக்கும் பொடி டப்பாவில் என்ன பெயர் போட்டிருந்தாலும் பின்பக்கம் திருப்பிச் சீனியைப் பாருங்கள், 2024-ல் மத்திய வர்த்தக அமைச்சகமே இந்த மாதிரிப் பொடிகளை இணையக் கடைகளில் "ஹெல்த் டிரிங்க்" பட்டியலில் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. அப்புறம் முக்கியமானது, என்ன கொடுப்பது, எப்போது கொடுப்பது என்பது உங்கள் கையில். எவ்வளவு தின்பது என்பதை அதன் வயிற்றிடம் விடுங்கள். "கீரையைத் தின்றால் சாக்லேட்" என்றால் கீரை தண்டனை ஆகிவிடும்.

வடசேரி பிளாட்:

சார், தப்பா எடுத்துக்கொள்ளாதீர்கள், நீங்கள் சொன்னதெல்லாம் சரி. நானும் கணவரும் வேலைக்குப் போய் ஆறரைக்குத்தான் வீடு சேருகிறோம். மூணாவது மாடி. மகள் கட்டிலில் குதித்தால் கீழ் வீட்டுக்காரர் கம்பால் சீலிங்கில் தட்டுவார், அந்த "டொக் டொக்" கேட்டாலே அவள் குதிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்ப்பாள். அந்த நேரத்தில் போனைக் கொடுக்காமல் எதைக் கொடுப்பது? வீட்டுக்கு அறிவுரை சொல்வதை விட, பிள்ளை பகல் முழுக்க இருக்கும் பள்ளியை ஓட விடச் சொல்லுங்கள்.

குளச்சல்:

எங்கள் பக்கம் கடற்கரையில் ஓடியே வளர்ந்தோம். இப்போது எங்கள் தெருவுக்கு நேரே கரை கிடையாது, பாறாங்கல் தடுப்புதான், பிள்ளைகளை விட பயம். பால்வாடிக்கு எதிரே பெட்டிக்கடை. என் தம்பி மகனுக்கு எழுத்து தெரியாது, எண் தெரியாது, ஆனால் தொங்குகிற சரத்தில் எந்த பாக்கெட் அஞ்சு ரூபாய், எது பத்து ரூபாய் என்று நிறத்தைப் பார்த்தே சொல்வான். பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பு, உப்பு, சீனி கூடின சாமான் விற்கக் கூடாது என்று 2020-ல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி போட்டிருக்கிறது. எங்கள் பெட்டிக்கடை வாசலிலிருந்து பத்து எட்டு வைக்கும் தூரம் கூட இல்லை.

மார்த்தாண்டம் பக்கம் நர்சரி நடத்துகிறேன்:

பள்ளியைச் சொல்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்களிடம் முற்றம் இருக்கிறது, மணல் கொட்டி வைத்திருந்தேன். முதல் மாதமே ஒரு அம்மா வந்தார், பிள்ளையின் தலையைக் குனிய வைத்து முடியை விலக்கி, "பாருங்க டீச்சர், மணலு, இதுக்கா ஃபீஸ் கட்டுறோம்" என்றார். அடுத்து இன்னொருவர், சாக்ஸ் அழுக்கு. அடுத்து, மழைக்காலத்தில் சளி. பயந்துபோய் மணலை அள்ளிவிட்டு நானும் டிவி வாங்கி மாட்டினேன். அதை இன்றைக்கும் நினைத்து வருத்தப்படுகிறேன். பிறகு மாற்றினேன். சேர்க்கும் நாளிலேயே "இங்கே பிள்ளை அழுக்காகும், ஒரு மாற்றுத்துணி கொடுத்துவிடுங்கள்" என்று எழுதி கையெழுத்து வாங்குகிறேன். நாலு பேர் சேர்க்காமல் போனார்கள், போகட்டும். பத்தரை மணிக்கு வீட்டிலிருந்து எதுவும் வேண்டாம், நாங்களே அவித்த பயறோ கடலையோ பழமோ கொடுக்கிறோம், தட்டில் எல்லோருக்கும் ஒன்றுபோல இருந்தால் பிள்ளைகள் கேட்காமல் தின்கின்றன.

தக்கலை அம்மா:

எல்லோருக்கும் நன்றி. சவூதி தம்பி, உங்கள் பதிவை இவன் அப்பாவுக்கு அனுப்பினேன், கொஞ்ச நேரம் பேசவே இல்லை. இந்த முறை பெட்டியில் ஒரு ஃபுட்பாலும் காற்றடிக்கும் பம்பும் வருகிறது, சாக்லேட்டும் வருகிறது, ஒரே ஒரு பாக்கெட்.

இங்கே நான் செய்தது அவ்வளவு பெரிசு இல்லை. சீனியை இரண்டு ஸ்பூனிலிருந்து ஒன்று, அரை என்று இறக்கி நிறுத்தினேன், மூணு வாரம் ஆனது. சாயங்காலம் வேனில் வீட்டு வாசல் வரை வராமல் முக்குக் கடையில் இறக்கிவிடச் சொன்னேன், அங்கிருந்து இருவரும் குளத்தங்கரை வழியாக நடக்கிறோம். முதல் நாள் நாலு தடவை உட்கார்ந்தான். இப்போது கொக்கைத் துரத்துகிறான்.

ஒரு உதவி வேண்டும். அடுத்த மாதம் அவன் பிறந்தநாள். கேக்கும் சாக்லேட்டும் இல்லாமல் வகுப்புக்கு என்ன கொண்டுபோவது? 26 பிள்ளைகளும் சந்தோஷப்பட வேண்டும், இவனும் தலைகுனியக் கூடாது.

மார்த்தாண்டம் பக்கம் நர்சரி நடத்துகிறேன்:

எங்களிடம் பிறந்தநாள் பிள்ளை வகுப்புக்கு ஒரு பந்து கொண்டுவரும், அவ்வளவுதான். அதில் பெயிண்டால் பிள்ளையின் முதலெழுத்தை எழுதி முற்றத்தில் போடுவோம், அன்றைக்கு முதல் உதை அந்தப் பிள்ளைக்கு. இரண்டு வருஷம் முன்னால் படித்துப் போன ஒருவனின் பந்து இன்னும் கிடக்கிறது, எழுத்து பாதி அழிந்துவிட்டது. புதிதாக வந்ததுகள் அவனைப் பார்த்ததே இல்லை, ஆனாலும் அந்தப் பந்தை அவன் பெயரைச் சொல்லித்தான் கேட்கின்றன.