பள்ளி முதலா, வீடு முதலா? ஊர் மாறியவர்கள் வழி சொல்லுங்கள்

இன்னும் ஆறு வாரத்தில் குடும்பத்தோடு வேறு நகரத்துக்குக் குடிபோகிறோம். கணவருக்கு வேலை உறுதியாகிவிட்டது. பள்ளியில் இடம் கேட்டால் முகவரிச் சான்று கொண்டுவா என்கிறார்கள். பள்ளி முடிவாகாமல் எந்தப் பக்கம் வீடு பிடிப்பது?

மகளுக்கு 14 வயது, பாடத்திட்டமும் மாறுகிறது. மகனுக்கு 6, ஆஸ்துமா உண்டு, தினமும் இன்ஹேலர். அதனால் பெரிய சாலையை ஒட்டிய வீடு வேண்டாம் என்பதில் உறுதியாக இருக்கிறேன்.

இதுவரை செய்தது: மாற்றுச் சான்றிதழுக்கு எழுதிக் கொடுத்தாயிற்று. தடுப்பூசி அட்டை, மகனின் மருத்துவரிடமிருந்து மருந்து விவரத்தோடு கடிதம், இரண்டும் கையில். மூன்று பள்ளிகளிடம் பேசினோம், ஒன்றுதான் காத்திருப்புப் பட்டியலில் பெயர் எழுதியது. போன வாரம் நேரில் போய் ஒரு வீடு பார்த்தோம், நல்ல வெளிச்சம், காற்றோட்டம். ஞாயிற்றுக்கிழமை அங்கிருந்து அந்தப் பள்ளிக்கு 15 நிமிடம். திங்கள் காலை 8 மணிக்கு அதே வழியில் 50 நிமிடம் ஆனது, பையன் வழி நெடுக இருமிக்கொண்டே வந்தான். ஒரு வருட ஒப்பந்தம், நடுவில் காலி செய்தால் முன்பணம் திரும்பாது.

மகள் வாய்திறந்து ஒன்றும் சொல்வதில்லை. நேற்று அவள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் தோழிகளின் பிறந்தநாளையெல்லாம் வரிசையாக எழுதி வைத்திருந்ததைப் பார்த்தேன்.

படிப்பு ஆண்டின் நடுவே பிள்ளைகளோடு ஊர் மாறியவர்கள் சொல்லுங்கள்: மூன்று மாதத்துக்குத் தற்காலிக வீடு எடுத்து அந்த முகவரியில் பள்ளியில் சேர்த்தீர்களா, இல்லை பள்ளி முடிவாகும்வரை காத்திருந்து ஒரேயடியாக வீடு பிடித்தீர்களா?